எப்சிபா டீச்சரின் ஸ்பெஷல் கிளாஸ்

சாரல் தொடங்கிவிட்டால் மேலகரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். குற்றாலம் பக்கத்திலேயே இருக்கிறதாமே என்று, கல்யாணத்துக்கு வராத சொந்தமெல்லாம் துண்டோடு வந்து இறங்கும். எப்சிபா டீச்சர் வீட்டில் இந்த வருஷம் இறங்கியது ஒரு வேன் நிறைய. அவள் புருஷன் ஜஸ்டினின் சித்தப்பா, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஞானசிகாமணி, சாத்தான்குளத்திலிருந்து திரட்டிக்கொண்டு வந்த படை.

அருவியில் எண்ணெய் தேய்க்க விடமாட்டார்கள் என்று வீட்டிலேயே தேய்த்துக்கொண்டார்கள். தரையெல்லாம் வழுக்கல். ஃபேன் இறக்கையில்கூட ஈரத்துண்டு. அருவியில் குளிக்கப் போகிற ஜனத்துக்குப் பாத்ரூம் வாசலில் எதற்கு வரிசை? அதை மட்டும் கேட்காதீர்கள். பேரருவியா ஐந்தருவியா என்று விடியுமுன்னே தொடங்குகிற பஞ்சாயத்து வேறு.

டீச்சருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளைகள் வருமுன் காலி வகுப்பறையில் உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமல், நிம்மதியாக ஒரு டம்ளர் டீ. அது கிடைக்காத நாளில் பொழுதுக்கும் எரிந்து விழுவாள்; ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே, காலையில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி, ஃப்ளாஸ்கைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்கு நழுவினாள்.

ஒரு வாய் குடித்திருக்க மாட்டாள், வகுப்பு வாசலில் சித்தப்பா நின்றார். ஹெட்மாஸ்டர் கண் அல்லவா, காலி பெஞ்சுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தது. டீச்சர் அவசரமாக ஃப்ளாஸ்கை மேசைக்கடியில் தள்ளினாள். வீட்டில் போய்ச் சொன்னால் மானம் போய்விடுமே!

அவரோ கடைசி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நானும் வாக்கிங்னு பொய் சொல்லிட்டுத்தாம்மா வந்தேன். அந்த வீட்ல மனுஷன் இருக்க முடியுதா?"

வேன் பிடித்து அத்தனை பேரையும் கூட்டிவந்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது! போனால் போகிறதென்று பாதி டீயைக் கொடுத்தாள். குடித்துவிட்டு வாயைத் திறந்தவர், மணி அடிக்கும்வரை மூடவில்லை. சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு டிரான்ஸ்ஃபராகச் சொல்லி முடித்தார்.

மறுநாள் அவரைத் தேடிக்கொண்டு சித்தி வந்தாள். இடம் அமைதியாக இருக்கிறதே என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்தவர்களுக்கும் போனைப் போட்டுச் சொன்னாள். டீச்சரின் நிம்மதி தொலைந்தது. அடுத்த நாள் குளித்த கையோடு மொத்த வேனும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. ஜமக்காளம் விரித்து இட்லிப் பொட்டலம் பிரித்தார்கள். அத்தனை பேரும் அமைதியைத் தேடி வந்தவர்கள். சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது.

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. ஃப்ளாஸ்கைத் திறக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் இங்கே இருந்தால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? சாக்பீஸ் டப்பாவை மறந்துவிட்டேன் என்று இன்னொரு பொய்யை அவிழ்த்துவிட்டு, ஃப்ளாஸ்க்கும் கையுமாக, ஓடாத குறையாக வீட்டுக்கு நடந்தாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தன் கடையில் சரக்கு இறங்குகிறது என்று இருட்டோடு கிளம்பிப் போன ஜஸ்டின், ஹால் தரையில் கைகாலை விரித்து மல்லாந்து கிடந்தான். அவளைக் கண்டதும் பூனை மாதிரி எழுந்து வந்து கதவைத் திறந்தான். சரக்கு இறங்கிவிட்டதா என்று கேட்க அவள் வாயெடுத்தாள்.

"ஏட்டி, பேசாத," என்றான் கிசுகிசுப்பாக. "சத்தம் கேட்டா எல்லாரும் வந்துருவாவ."

டீச்சர் கதவைத் தாழிட்டுவிட்டு, டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.