ஏணியைத் தோளில் வைத்த தாவூது

1954 ஐப்பசியில், கோட்டுச்சேரியில் கடை வைத்திருந்த தாவூது சாயங்காலம் சைக்கிளில் காரைக்கால் திரும்பி, தன் வீட்டுச் சந்துக்குள் நுழைந்தபோது, தோளில் ஓர் ஏணியோடு தென்னை மர உயரத்தில் காற்றில் நின்றுவிட்டார். செவ்வாயா புதனா என்பது உறுதியாகத் தெரியவில்லை. சைக்கிள் மட்டும் தனியாக வந்து வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டது.

அந்நேரம் வீட்டுக்குள் அவர் மனைவி ஷரீபுன்னிசா பித்து மாலிமியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பித்து மாலிமி அந்தப் பக்கத்துக் கதைகளில் மட்டும் இருக்கிற கப்பலோட்டி. மடையனாக வந்து, கேட்டவர்களை மடையர்களாக்கிவிட்டுப் போகிறவன். அன்றைய கதையில் அவன் நிலாவைத் தொட ஏணியில் ஏறுகிறான். கீழே விட்டால் திருடிவிடுவார்கள் என்று ஏணியையும் உருவித் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறான். வரி வசூலிப்பவன் வந்து “எதுல நிக்கிறே?” என்று கேட்டதும், குனிந்து பார்த்து, விழுந்து சாகிறான். பித்து மாலிமி எத்தனை முறை செத்தாலும் மறுநாள் அடுத்த கதைக்கு வந்துவிடுவான். தாவூதுக்கு அந்த வசதி இல்லை.

கேட்பவர் “ம்” கொட்டினால்தான் கதை நகரும். அந்த வீட்டில் ம் கொட்டுகிறவள் தாவூதின் அக்கா அமீர் நிஷா. அன்று ஷரீபுன்னிசா கேலிக்காக மாலிமியை எடுத்துவிட்டுத் தன் புருஷனை ஏணியில் ஏற்றினாள்.

“என் தம்பிய மடையனாக்குவே, நான் ம் வேற கொட்டணுமா?”

“கதைக்குத்தானே மதினி!”

“கதைக்கு உன் வாப்பாவ ஏத்திவுடேன்!” என்று அமீர் நிஷா வாயை மூடிக்கொண்டாள். கதை ஏணியோடு நின்றது.

தம்பியின் கூச்சல் கேட்டு வெளியே வந்த அமீர் நிஷா அண்ணாந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஷரீபுன்னிசா பின்னாலேயே ஓடி வந்தாள். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய அன்றுகூட அசராத சந்து, வீடுகளை விட்டு வந்து கூடி நின்றது. காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவந்த தையல்நாயகி, கூடையை இறக்கவும் மறந்து, “யாராச்சும் எதாச்சும் சொல்லுங்களேன் தாயி,” என்று அழுதாள்.

மேலேயிருந்து தாவூது அக்காவிடம் அலறினார்: “லாத்தா, ம் மட்டும் கொட்டிறாதே! மிச்சக் கதை எனக்குத் தெரியும்.”

வீசிய கயிறெல்லாம் அவரைத் தொடாமல் அந்தப் பக்கம் விழுந்தது. அவர் பத்திரமாக இறங்கிவிட்டார் என்று ஷரீபுன்னிசா கதையை மாற்றிப் பார்த்தாள். உண்மையான முடிவு தெரிந்த யார் தொண்டையிலிருந்தும் ம் வரவில்லை. இருட்டத் தொடங்கியதும் தாவூதின் கால்கள் நழுவின. பயத்தில் அவள், மேலே நின்றவன் கடலில் ஒரு கப்பலைப் பார்த்தான் என்றாள். அது கதையில் இல்லாதது; அந்த உயரத்துக்குக் கடல் தெரியும் என்பதால் பொய்யும் இல்லை. அமீர் நிஷா ம் என்றாள். கால்கள் நின்றன.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் ஷரீபுன்னிசா கதை முடிந்துவிடாதபடி நடுவில் ஏதாவது செருகினாள், அமீர் நிஷா ம் கொட்டினாள். அவன் வரிச்சிக்குடி வயல்களைப் பார்த்தான், மழை பிறக்கிற இடத்தைப் பார்த்தான். மூங்கில் கழியில் சோறு போனது. வரிக்காரர்கள் வேறு தெரு வழியாக அனுப்பப்பட்டார்கள். நாத்தனாரும் தம்பி மனைவியும் சண்டையிட நேரமில்லாமல் போயிற்று.

மூன்றாம் வருஷம் ஷரீபுன்னிசாவுக்குக் காய்ச்சலில் குரல் அடைத்துவிட்டது. பொழுது சாய்ந்தது, கால்கள் நழுவின. வாழ்நாளில் கதையே சொல்லியிராத அமீர் நிஷா வாசலுக்கு ஓடினாள். “அப்ப அவன்... ஒரு நண்டைப் பாத்தான்,” என்றாள். “நண்டு... அதுவும் அவனைப் பாத்துச்சு.”

பாயில் கிடந்த ஷரீபுன்னிசா, கிழிந்த தொண்டையில் ம் கொட்டினாள்.

தாவூது ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டு, ராத்திரிச் சோற்றுக்கு என்ன ஆணம் என்று கேட்டார். இறால் என்று சொன்னார்கள்.