மேடை ஏற ஒரு கிராப்பு

எங்கள் சான் பெர்மினில் பாகுபாடு என்ற பேச்சே கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் கல்லூரி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கலாம். ஒரு ஜீப்பையே போர்த்தும் அளவுக்குப் பேனர். அதில் பாரோங் என்கிற விழாச் சட்டை போட்ட மேயர் மத்தியாஸ் சிரித்துக்கொண்டிருக்கிறார். "பாகுபாட்டுக்கு இங்கே அனுமதி இல்லை" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. முகம் முக்கால், வாசகம் கால். போன வருஷம் நகர்மன்றத்தில் பாகுபாடு ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றினார்கள் அல்லவா, அதன் ஞாபகமாக. அன்றைக்கு மேயர் மனைவிக்குக் கொண்டை போட்டவள் நான்தான்.

என் பெயர் டெல்ஃபினா. ஞானஸ்நானத்தில் வைத்தது டெல்ஃபின்; இப்போது பாதிரியாரைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. சந்தைக்கு எதிரே பார்லர் வைத்திருக்கிறேன். என்னைப் போன்ற பக்லாக்கள் மேல் ஊருக்குக் கொள்ளைப் பிரியம். ஆணாகப் பிறந்தோம், பெண்ணாக வாழ்கிறோம், அதனால் என்ன? திருவிழாவுக்குத் திருவிழா கல்லூரியின் கூரை போட்ட திடலில் 'மிஸ் கே' அழகிப் போட்டி வைத்து எங்களை மேடையில் நடக்க விடுவார்கள். ஊரே வந்து விசிலடிக்கும். நடுவர் நாற்காலியில் கல்லூரி டீன் லகாஸ்கா. மனிதர் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை.

போன திருவிழாவில் கிரீடம் வாங்கியது மார்வி. இடுப்புவரை முடி, அத்தனையும் சொந்த முடி, என் கையால் எண்ணெய் வைத்து வளர்த்தது. கடைசிச் சுற்றில் டீன்தான் கேள்வி கேட்டார், அரசியல் சட்டத்தில் உனக்குப் பிடித்த வரி எது என்று. "யாருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது" என்றாள் பட்டென்று. டீன் எழுந்து நின்று கைதட்டினார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. எனக்குக்கூட உருகிவிட்டது, பாவி மனசு.

மார்வியின் அம்மா ரோவேனா ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்கிறாள். குழந்தைக்குப் பால்பல் விழுந்த வயதில் போனவள். எங்கள் ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான். அதனால் பள்ளிக்கூடத்தில் பதக்கம் வாங்கும் பிள்ளையோடு பெற்றவர் மேடையேறி அதைப் பிள்ளையின் சட்டையில் குத்திவிடும் வழக்கத்தில் எங்களுக்கென்று ஒரு சலுகை உண்டு. அம்மா துபாயில் இருந்தால் அத்தை ஏறலாம், பிள்ளையே கப்பலில் இருந்தால் அம்மா மட்டும் ஏறி வாங்கிக்கொள்ளலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மார்விக்குத் தொடக்கப் பள்ளியிலிருந்து எல்லாப் பதக்கத்தையும் குத்தியது நான். ஒவ்வொரு தடவையும் ரோவேனா போனில் பார்த்து மூக்கை உறிஞ்சுவாள்.

இந்தத் தடவை அவளே வருவதாகச் சொன்னாள். ஆசிரியர் படிப்பில் மார்வி கல்லூரிக்கே முதல். "லீவு வாங்கிட்டேன் டெல்ஃபினா. நீ குத்தினது போதும், இது என் முறை" என்றாள்.

அப்புறம் கல்லூரியில் அறிவிப்பு ஒட்டினார்கள். பட்டமளிப்பு மேடையில் ஏறும் ஆண்கள் காதும் பிடரியும் தெரியக் கிராப்பு வெட்டியிருக்க வேண்டும். இல்லாதவர்களை வாசலுக்குள் விடுவதில்லை.

மார்வியைக் கூட்டிக்கொண்டு நானே டீனிடம் போனேன். மனிதர் எங்களை உட்கார வைத்து, காபி வரவழைத்து, பாகுபாடே இல்லாமல் பேசினார்.

"மார்வி, உன்மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உனக்கே தெரியும்."

"தெரியும் சார். கிரீடம் வச்சதே நீங்கதானே."

"அதேதான்! ஆனா இது பட்டமளிப்பு விழா. கௌரவமான நிகழ்ச்சி."

"மேடை அதே மேடைதானே சார்?" என்றேன் நான். "கிரீடம் வாங்க ஏறினா முடி வேணும், பதக்கம் வாங்க ஏறினா முடி கூடாதா?"

"டெல்ஃபினா, முடிதானே, வளர்ந்துடும்" என்றார் டீன். அவர் தலையில் மிச்சமிருப்பதற்கு மாதாமாதம் சாயம் பூசுகிறவள் நான். வளர்வதைப் பற்றி அவர் பேசுகிறார். நாக்கு நுனிவரை வந்ததைக் காபியோடு விழுங்கினேன்.

அங்கிருந்து நகராட்சிக்குப் போனோம். சட்டம்தான் இருக்கிறதே! குமாஸ்தா அம்மாள் விசிறிக்கொண்டே சொன்னாள்.

"சட்டம் இருக்கும்மா, பேஷா இருக்கு. ஆனா அதை எப்படி நடத்தறதுங்கற விதிகளை இன்னும் எழுதலையே."

"எப்ப எழுதுவீங்க?"

"அதுக்கு ஒரு குழு போடணும்."

"குழு எப்ப போடுவீங்க?"

"தலைவரைப் போட்டாச்சு" என்று உதட்டைக் குவித்துக் கல்லூரிப் பக்கம் காட்டினாள். "டீன் சார்தான். அவருக்குத்தான் நேரமே கிடைக்க மாட்டேங்குது, பாவம்."

மார்வி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

அவளுக்கு டீனைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அம்மாவோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் பேசியிருந்தாள். விமான நிலையத்தில் தொப்பி போடவில்லை. ரோவேனா அவளை மேலும் கீழும் பார்த்தாள், கட்டிக்கொண்டாள். வழி முழுக்க வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேச்சில்லாத வேனில் நடுவில் உட்கார்ந்து வந்த கொடுமை எனக்கல்லவா தெரியும்.

விழா அன்று காலையில் பார்லரில் நிற்க இடமில்லை. பட்டதாரிகளின் அம்மாக்கள், பேராசிரியைகள் எல்லோரையும் சிங்காரித்து அனுப்பிவிட்டு மூச்சு விட்டபோது மார்வி அங்கியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெட்டிடு அக்கா."

"என்னடி சொல்ற?"

"அம்மா கடல் தாண்டி வந்திருக்காங்க. என்னால அவங்க மேடை ஏறாம திரும்பிப் போகணுமா? வெட்டு, யோசிக்காதே."

கத்தரிக்கோலை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கை ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து ரோவேனா உள்ளே வந்தாள். சர்ச்சுக்குப் போடும் நீலக் கவுன், தோளில் புரளும் முடி. சரி, கூட நின்று வெட்டச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எழுந்திரு" என்றாள் மகளிடம்.

மார்வி எழுந்தாள். ரோவேனா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டெல்ஃபினா, அந்த அறிவிப்புல போட்டிருக்கற மாதிரி எனக்கு வெட்டு."

"பைத்தியமா உனக்கு?"

"முதல் தடவை ஹாங்காங் போறப்ப ஏஜென்சில என்னை வரிசையில உட்கார வச்சு ஒட்ட வெட்டினாங்க. வேலைக்காரிக்கு எதுக்கு நீள முடின்னு கேட்டாங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ராத்திரி போர்வைக்குள்ள தலையைத் தடவித் தடவி அழுதேன்." கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தாள். "வேன்ல ஏன் பேசலைன்னு நினைச்சியா? உன் முடியைப் பார்த்ததும் அந்த நாள் ஞாபகம் வந்துடுச்சுடி. வாயைத் திறந்தா அழுதிருப்பேன். அன்னைக்கு அவங்க வெட்டினாங்க, இன்னைக்கு நானா வெட்டிக்கறேன். நீ அப்படியே இரு."

மார்வி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அழுதுகொண்டே வெட்டினேன். தொழிலில் அப்படி ஒரு கோணல் கிராப்பு வெட்டியதில்லை, காதுக்கு மேல் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிவிட்டது.

கல்லூரி வாசலில், மேயரின் பல்வரிசைக்குக் கீழே, காவலாளி மார்வியை நிறுத்தினான். "மன்னிச்சிடு மார்வி, போட்டியில உனக்குத்தான் விசிலடிச்சேன், ஆனா மேலிடத்து உத்தரவு." ரோவேனாவை மட்டும் விட்டான். பெற்றவர்களின் முடிக்கு எந்த அறிவிப்பும் இல்லையே. நானும் உள்ளே போனேன்.

சிறப்பு விருந்தினர் மேயர். சமத்துவத்தைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். உட்காரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகு பெயர்களைக் கூப்பிட்டார்கள். "முதல் மாணவர், மார்வின் சாலோங்கா!"

ரோவேனா தனியாக ஏறினாள். திடலில் ஒரு சலசலப்பு. டீன் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தலையைப் பார்த்தார், பின்னால் பார்த்தார். குனிந்து மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் மைக்குக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்.

"பையன் எங்கேம்மா? கப்பல்லயா?"

"பொண்ணு சார். கப்பல்ல இல்ல, உங்க வாசல்ல நிக்கறா. முடி நீளமா இருக்குன்னு உள்ள விடல. கிராப்பு வெட்டினவங்கதான் ஏறணும்னு சொன்னீங்க. வெட்டிட்டு வந்திருக்கேன்." தலையைத் திருப்பிக் காட்டினாள். "காது தெரியுதா சார்? பிடரியையும் பார்த்துக்குங்க."

ஒலிபெருக்கி அத்தனையையும் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. சமத்துவத்தைப் பேசி முடித்த மேயர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். டீன் என்ன செய்வார் பாவம்? பதக்கத்தைக் கொடுத்தார்.

அவள் மேடையில் நிற்கவில்லை. படியிறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே, நேராக வாசலை நோக்கி நடந்தாள். நான் எழுந்து பின்னால் ஓடினேன். சந்தையில் மீன் விற்கும் பெண்கள் எழுந்தார்கள். மார்வியின் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே போனை உயர்த்திப் பிடித்தார்கள்.

பேனருக்குக் கீழே ரோவேனா நின்றாள். மகளின் அங்கியில் பதக்கத்தின் ஊக்கு இறங்கவில்லை. பதினைந்து வருஷப் பழக்கத்தில் என் கை தானாக நீண்டது. தட்டிவிட்டாள்.

"என் முறைன்னு சொன்னேன்ல?"

"குத்தாதேம்மா, வலிக்குது" என்று மார்வி சிரித்தாள், அழுதாள், அம்மாவின் மொட்டைப் பிடரியைத் தடவினாள். ஒருவழியாகப் பதக்கம் கொஞ்சம் சாய்வாக ஏறியது. காவலாளி, கைதட்டக் கூடாதென்று உத்தரவில் இல்லாததால், கைதட்டினான்.

அப்போது வியர்க்க விறுவிறுக்க ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சிரிப்பு. வேறு யார்? போட்டோக்காரனையும் கையோடு இழுத்து வந்திருந்தார். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் புகுந்து, இருவர் தோளிலும் கை போட்டு, தலைக்கு மேலே இருக்கும் அதே சிரிப்பை மேயர் கீழேயும் காட்டினார்.

"நம்ம ஊர்ல பாகுபாடே கிடையாது! எடுப்பா, எடுப்பா!"

ரோவேனா அவர் கையைத் தோளிலிருந்து பக்குவமாக எடுத்துக் கீழே விட்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றாள். "என் பொண்ணோட முடி மறையுது."