எண் இல்லாத படகு

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடியறைதான் எங்கள் கம்பெனி. நானும் முபஷ்ஷிரும் ஒரு பெட்டி செய்கிறோம். எந்தெந்தப் படகு கடலில் இருக்கிறது என்று கரைக்குச் சொல்லும் பெட்டி.

அதன் மென்பொருளின் மையமான கர்னலுக்குள் படகு, புயல் எச்சரிக்கை, ஆபத்து அழைப்பு எல்லாம் தனித்தனிச் சங்கிலியாகக் கோத்த பட்டியல்கள். வகைக்கு ஒரு ஹெல்பர், அதாவது உதவி நிரல், எழுத எனக்குப் பொறுமை கிடையாது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கொக்கி வைத்தேன். கொக்கியைப் பிடித்து அது மாட்டியிருக்கும் படகையோ அழைப்பையோ, அதாவது அதன் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க எல்லா வகைக்கும் ஒரே ஹெல்பர். சங்கிலியின் தலையும் கொக்கிதான், ஆனால் அதற்குச் சொந்தக்காரர் கிடையாது. சங்கிலி காலியாக இருந்தால் ஹெல்பர் அந்தத் தலையையே ஒரு படகென்று நினைத்துக்கொள்ளும். அதனால் சங்கிலி காலியா என்று முதலில் பார்க்கும்படி ஒரு வரி சேர்த்தேன். கடலில் ஒரு படகுகூட இல்லாத நாள் உண்டா, வெட்டி வேலை என்று முபஷ்ஷிர் அதை எடுத்துவிட்டான். தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். அவனுக்கு உடும்புப் பிடி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் டெமோ. எல்லாரும் கரையில் இருப்பார்களே என்று அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளாகப் பார்த்துத் தேதி வைத்த மேதாவியும் அவன்தான். அன்றைக்கு யாரும் கடலில் இறங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. குப்பத்துத் தலைவர் தர்மராஜ் வேண்டாமென்றால் எங்கள் மாடியறைக்குப் பூட்டுதான்.

பெட்டியை ஆன் பண்ணினோம். கடலில் ஒரு படகு என்று திரை சொன்னது. எண் இல்லை, பெயர் இல்லை.

தர்மராஜ் முகம் கறுத்தது. கட்டுப்பாட்டை மீறியது எவன் என்று ஆளாளுக்கு அடுத்தவன் படகைத் தேடி ஓடினார்கள். எல்லாப் படகும் கரையில்தான் இருந்தன. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு வெறும் கொக்கியைப் படகென்று ஊரே தேடிக்கொண்டிருந்தது.

“அண்ணாத்த, யாரும் போவல. அது படகே இல்ல,” என்றான் முபஷ்ஷிர், என்னைக் காட்டி. “விஷாகா சொன்னா, நான்தான் கேக்கல.”

அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். இப்போது திரையில் ‘கடலில் யாரும் இல்லை’ என்று வந்தது. இதைக் காட்டவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

கூழ் அண்டா பக்கமிருந்து வசந்தா வந்தாள். புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கடலுக்கு அனுப்புகிறவள். திரையில் இருந்ததை இரண்டு தரம் படித்துவிட்டுத் தர்மராஜிடம் திரும்பினாள்.

“தெனம் சாயங்காலம் கரையில நின்னுகினு நான் தேடறது இதத்தான் மாமா. எத்தினி படகு போச்சின்னு எனக்கு இன்னாத்துக்கு? எல்லாரும் வூட்டுக்கு வந்துட்டாங்கன்னு சொல்லுதே, அது போதும்.”

நான் சரியென்று சண்டை போட்டேனே தவிர, அந்த ஒரு வரிக்காக ஒருத்தி தினமும் கரையில் நிற்பாள் என்று எனக்கும் தெரியாது. கண் கலங்கிவிட்டது. தர்மராஜ் எல்லாப் படகுக்கும் இந்தப் பெட்டி வேண்டும் என்றார்.