நிறம் எழுதாத செடி

புதுச் செடி ஒன்றைப் பற்றி அவள் அனுப்பிய கட்டுரைக்கு ஆய்விதழின் ஆசிரியர் இரண்டே இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். பூ மஞ்சள் என்பதற்குச் சான்று என்ன? விதையின் அளவு எவ்வளவு? முதல் கேள்வியைப் படித்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன். அது சான்று இல்லையாம்!"

உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் அறை அது. ஒட்டுகிறவர் பசை அண்ணன். முப்பது வருடமாக ஒட்டி ஒட்டி, சொந்தப் பெயரே மறந்துபோன மனிதர்.

"காஞ்சா எல்லாப் பூவும் தவிட்டு நிறம்தானேம்மா. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல."

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது. அவள் எழுதிய விவரிப்பில் ஒரு குறையும் கிடையாது. ஓரடி உயரச் சிறுசெடி, நாற்கோணத் தண்டு, எதிரெதிர் இலைகள், அடிப்பக்கம் வெண்மயிர், பாசி மூடிய மரத்தடியில் வளர்வது, இதழ்கள் ஐந்து, மஞ்சள். அந்தக் கடைசிச் சொல்தான் உயிர். அதே மலையில் வெள்ளையாகப் பூக்கும் ஒன்றுக்கு எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது. மஞ்சள் என்றால்தான் இது புதுச் செடி. புதுச் செடியானால்தான் போன வருடம் கண்மூடிய தன் கணவரின் பெயரை இதற்கு வைக்க முடியும். இன்னொன்று பறித்து வரலாமென்றால், அந்தச் சரிவையே மண்சரிவு வாரிக்கொண்டு போய்விட்டது.

செடி ஒட்டிய தாளின் மூலையில் கணவர் எழுதிய சீட்டு. நாள், உயரம், இடம் எல்லாம் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தன. நிறம் என்ற இடம் மட்டும் காலி.

அவருக்குப் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் ஒன்றோடொன்று குழம்பும். அதனால் சீட்டில் எல்லாவற்றையும் அவர் எழுதுவார், நிறத்தை அவள் எழுதுவாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அந்த மலையில், மேகம் இறங்கி முன்னால் நிற்பவர் முகம்கூடத் தெரியாத நேரத்தில், கீழே குழந்தைக்குக் காய்ச்சல், இறங்கலாம் என்று அவள் கெஞ்சினாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"இன்னும் ஒரே ஒரு மேடு. பாத்துட்டு இறங்கிடலாம்."

அந்த மேட்டில்தான் இந்தச் செடி இருந்தது. அவர் குதூகலமாகப் பென்சிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நிறத்தையும் நீங்களே எழுதிக்குங்க."

முடியாதவரைப் பார்த்துச் சொன்ன சொல். மறுநாளே சமாதானமாகிவிட்டார்கள். குழந்தைக்கும் காய்ச்சல் விட்டது. செடி மட்டும் பெயர் தெரியாத கட்டுகளோடு அலமாரிக்குள் போனது. அன்று அந்தப் பென்சிலை வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

சரி, இரண்டாவது கேள்விக்காவது பதில் எழுதுவோம் என்று உட்கார்ந்தாள். உதிர்ந்த விதைகளைப் போட்டு வைக்கும் சின்னக் காகித மடிப்பு தாளிலேயே ஒட்டியிருந்தது. இதுவரை யாரும் அதைப் பிரித்ததில்லை. பிரித்தாள். நான்கு விதைகளோடு, மடிப்பின் உள்பக்கத்தில் அவருடைய குண்டு குண்டான பென்சில் எழுத்து.

"நிறம்: எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பூவை அவளுடைய மழைக்கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். பூ எது கோட்டு எது என்று தெரியவில்லை. கோபம் ஆறியதும் அவளிடம் கேட்டு எழுத வேண்டும்."

முதுகுக்குப் பின்னால் அவர் செடியோடு நின்றதுகூட அன்று தெரியாது. திரும்பிப் பார்த்தால்தானே?

கதவு திறந்தது. டீ வாங்கப் போன பசை அண்ணன் சொட்டச் சொட்ட நின்றார். அவளுடைய அந்தப் பழைய மழைக்கோட்டைத்தான் மாட்டியிருந்தார். வருடக்கணக்காகக் கதவுக்குப் பின்னால் தொங்கி, மழைக்கு யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிற கோட்டு. பளீரென்ற மஞ்சள்.

"அப்படியே நில்லுங்கண்ணே. அசையாதீங்க."

"ஏம்மா, அழறீங்க?"

கோட்டோடு அவரைப் படம் எடுத்தாள். அந்தப் படமும் மடிப்பின் படமும், பூ வெள்ளையாக இருந்திருந்தால் மஞ்சள் கோட்டின் மேல் அவர் கண்ணுக்கே தனியாகத் தெரிந்திருக்கும் என்ற குறிப்போடு ஆசிரியருக்குப் போயின. பழைய சீட்டில் கை வைக்கக் கூடாது, சேர்ப்பதைத் தனிச் சீட்டில்தான் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. எழுதி, தேதி போட்டு நீட்டினாள். பசை அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"நிறம்: மஞ்சள். கோபம் ஆறிவிட்டது."

"ரெண்டாவது வரியையுமாம்மா ஒட்டணும்?"

"ஒட்டுங்கண்ணே. கோபம் ஆறினதும் என்கிட்ட கேக்கணும்னு அவர் எழுதி வச்சிருக்காரு."