படகு இயந்திரங்களுக்கான எண்ணெய்த் தெரிவும் றாஹிலாவின் கசெட்டும்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கம் ஆண்டு நிறைவுக்கு மலர் வெளியிடுகிறது. அதற்கு ‘படகு இயந்திரப் பராமரிப்பில் எண்ணெய், கிரீஸ் வகைகளைத் தெரிவு செய்தல்’ என்றொரு கட்டுரை வேண்டும் என்று சங்கத் தலைவர் ஜெமீல் ஹாஜியார் ஆளனுப்பினார். மலரில் ஆசியுரை, வாழ்த்துரை, தலைவரின் உள்ளத்திலிருந்து, தலைவரைப் பற்றிச் செயலாளரின் உள்ளத்திலிருந்து எல்லாம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. மீனவர் மலர் என்பதால் ஒரு பக்கத்திலாவது மீன் வாடை அடிக்க வேண்டும் என்று யாரோ நினைவூட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இயந்திரங்களைப் பற்றி எதுவும் தெரியாது. அது சங்கத்துக்கு ஒரு தடையாகப் படவில்லை. இப்படி ஆரம்பித்தேன்:

‘இருவீச்சு இயந்திரமானது எரிபொருளோடு கலந்த எண்ணெயினாலேயே உயிர் வாழ்கின்றது. எனவே கடற்றொழிலாளராகிய நாம்—’

‘நாம்’ என்று எழுதியதும் பேனாவுக்கே வெட்கம் வந்து நின்றுவிட்டது. கடலில் நான் கால் நனைப்பதே பெருநாள் பின்னேரங்களில்தான். ஆகவே உதாரணத்துக்கு ஓர் ஆளைத் தேடினேன். இரண்டு வரியில் வந்துவிட்டுப் போகவேண்டிய ஆள் மருதமுனை ஜவுபர். வந்தார். போகவில்லை.

2

அவரை வைத்து எழுதிய தொடக்கங்கள்:

‘கடல் அன்றைக்கு மௌனமாக—’ (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளில் கடல் ஒருநாளும் மௌனமாக இருப்பதில்லை. பக்கத்துக்குப் பக்கம் தத்துவம் பேசும்.)

‘ஜவுபர் ஒரு கடலோடி.’ (பொய். ஜவுபர் தறிக்காரர். நூல் வரத்து நின்று தறியும் நின்றபோது அவருடைய மனைவி றாஹிலா றியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவள் உழைப்பில்தான் படகும், அதன் பின்னால் மாட்டுகிற இயந்திரமும் வந்தன. அதன் பிறகு ஜவுபரைக் கடற்கரையில் படகு முதலாளிக்குரிய ‘சம்மாட்டியார்’ பட்டத்தோடு கூப்பிட்டார்கள். அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மணலில் நடக்கத் தெரியாமல் நடந்தார்.)

மூன்றாவது தொடக்கம் நிலைத்துவிட்டது:

றியாத்திலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து, ஜவுபர் ஒவ்வொரு சாமானாக முகர்ந்து பார்த்தார்.

சவர்க்காரம், தைலப் போத்தல், பிள்ளைகளுக்குச் சட்டை, பால்மா, ஒரு கம்பளிப் போர்வை. எல்லாவற்றிலும் கடைவாசம்தான் இருந்தது. கம்பளியை முகத்தில் போர்த்திக்கொண்டு நெடுநேரம் இருந்தார். றாஹிலாவின் தேங்காய் எண்ணெயும் வெற்றிலையும் கலந்த வாசம் அதில் எங்காவது ஒரு நூலில் ஒட்டியிருக்க வேண்டும் என்று அவருக்கு நம்பிக்கை. கம்பளியோ வெறும் கம்பளியாகவே இருந்தது. பெட்டியின் அடியில் தகரத்தால் ஆன ஒரு பெரிய எண்ணெய்ப் பேணி. அதையும் திறந்து முகர்ந்தார். அழுகின வெங்காயம்போல ஒரு நாற்றம் குப்பென்று ஏறியது.

அப்படியும் அதை அவர் இன்னொரு முறை முகர்ந்தார். அவள் கையால் தூக்கி வைத்த பேணி அல்லவா?

3

பேணியின்மேல் நீலமும் பொன்னுமாக அறபு எழுத்து; ஓரத்தில் ஒரு சின்னப் படகின் படம். எழுத்து அறபு என்பதால் ஜவுபருக்கு அதை நிலத்தில் வைக்க மனம் வரவில்லை. கைகால் கழுவிக்கொண்டு வந்து, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்.*

*எங்கள் ஊர்களில் அறபு வாசிக்கத் தெரியாத ஆள் இல்லை. பொருள் விளங்குவது வேறு இலாகா.

ஜவுபரும் எழுத்துக்கூட்டி, பிழையில்லாமல் வாசித்தார். வாசித்து முடித்தபோது, முன்னால் தெரிந்ததுதான் தெரிந்தது. ஆகவே பேணியை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு ஜெமீல் ஹாஜியாரிடம் போனார். ஹாஜியார் இருமுறை மக்கா போய் வந்தவர். அங்கே அறபிகளோடு பேரம் பேசிய கதையை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்.

“இது என்ன எண்ணெய் எண்டு ஒருக்காப் பாத்துச் செல்லுங்க ஹாஜியார்.”

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். முதற் சொல்லை நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழகாக ஓதினார். “ஸைத்... ஸைத் எண்டா எண்ணெய்.”

“எண்ணெய் எண்டு எனக்கும் மணக்குது. என்ன எண்ணெய்?”

இரண்டாம் சொல்லுக்கு வந்ததும் ஹாஜியாருக்கு இருமல் வந்தது. இருமல் முடிந்தபோது சொல்லும் முடிந்திருந்தது.

“படகுட படம் போட்டிரிக்கே, கண் தெரியாதா ஒனக்கு? படகு எண்ணெய்.”

“அப்ப எண்ணெய்த் தாங்கிக்குள்ள கலக்கிறதா?”

“பின்ன, தலையில தேய்க்கிறதா? ஸவூதிச் சாமான் மனே! இஞ்ச கடையில விக்கிற ஒயில ஊத்தி அந்தப் புள்ள வாங்கித் தந்த இஞ்சினப் பழுதாக்கிராத.”

4

(கட்டுரைக்கு வேண்டிய பகுதி. அவசரக்காரர்கள் இதை மட்டும் படிக்கலாம்.)

எரிபொருளோடு கலக்க வேண்டியது இருவீச்சு இயந்திரத்துக்கென்றே செய்த எண்ணெய். கரையில் அதற்கு டூ-டீ ஒயில் என்று பெயர். அது எரிபொருளோடு உள்ளே போய், பிஸ்டனை நனைத்து, தானும் எரிந்து புகையாகிவிடும். தண்ணீருக்குள் இருக்கிற கீழ்ப்பகுதியில் பல்சக்கரங்கள் உண்டு. அவற்றுக்குக் கியர் ஒயில். தடித்தது, நாறுவது, எரிவதற்கென்று பிறக்காதது. வெளியே அசைகிற மூட்டுகளுக்கு உப்புத்தண்ணீரில் கழன்று போகாத கிரீஸ். இந்த மூன்றும் ஒன்றின் இடத்தில் மற்றது—

(ஹாஜியாரின் மலருக்கு இவ்வளவு போதும்.)

றாஹிலா அனுப்பியது நல்ல கியர் ஒயில். தான் வேலை செய்கிற வீட்டுச் சாரதியிடம் ‘படகு இஞ்சினுக்கு எண்ணெய்’ என்று அவள் கேட்டாள். அவன் வாங்கிக் கொடுத்தான். இருவர்மேலும் பிழையில்லை. (இங்கே ஓர் உவமை வந்து கதவைத் தட்டியது. ‘நல்ல சாமான், தப்பான இடம், றியாத்தில் றாஹிலாவும் அப்படியே’ என்று தொடங்கியது. சந்தா கேட்க வந்தவரை அனுப்புவதுபோல நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டேன்.)

ஜவுபர் அதைத் தாங்கியில் ஊற்றியபோது கையைச் சுருக்கவில்லை. மனைவி அனுப்பியதைக் கஞ்சத்தனமாக ஊற்ற அவருக்குத் தெரியாது. படகோட்ட ஆள் அமர்த்துவதற்கு முன்னமே, தானே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் முழங்கால் தண்ணீரில் நின்று கயிற்றை இழுத்தார். இயந்திரம் பிடித்தது; தாவி ஏறினார். கரை மறையும்படி வெள்ளைப் புகை. படகு கொஞ்சத் தூரம் போனது. பிறகு உள்ளே ஏதோ கிறீச்சென்று கத்தியது; சத்தம் நின்றது. மறுபடி கயிற்றை இழுத்தபோது இயந்திரம் அசையவில்லை, படகுதான் அசைந்தது.

கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். சம்மாட்டியார் இவ்வளவு சுருக்காக நிறுத்தப் பழகிவிட்டாரே என்று நினைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கே ஜவுபர் றியாத்துக்குக் கசெட் பேசினார். “எண்ணெய் கெடச்சிது புள்ள. இஞ்சின் நல்லா ஓடுது.”

5

அந்த நாளில் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுவதைவிடக் கசெட்டில் பேசி, போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். றாஹிலா குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவாள். எசமானிக்குக் கேட்கக் கூடாது. வந்த கசெட்டை வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும்: மாமிக்கு ஸலாம், மச்சிக்கு ஸலாம், பிள்ளைகளுக்குப் புத்தி. எல்லாரும் எழுந்து போன பிறகு ஜவுபர் அதைத் திருப்பிச் சுற்றி, அவள் பேசாமல் வெறுமனே பாத்திரம் கழுவுகிற இடங்களைக் கேட்பார். பேச்சில் எல்லாருக்கும் பங்கு உண்டு. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் யாரும் பங்கு கேட்கவில்லை.

கடைசியாக வந்த கசெட்டில் அவள் சொன்னது இது:

“மச்சான், மேடம் இன்னும் ரெண்டு வருசத்துக்கு எக்ரிமென்ட் போடச் செல்றா. இஞ்சின் ஓடுதெண்டா நான் போட மாட்டன், வந்துருவன். இல்லாட்டி வந்து என்னத்தத் திங்கிற? நீங்க செல்ற வாயில எனக்கு நம்பிக்கையில்ல, கோவிச்சிராதீங்க. தறி நிண்ட நேரமும் ஓடுதெண்டுதானே செல்லிட்டிருந்தீங்க! உங்கட சத்தம் வேணா. இஞ்சின்ட சத்தத்தப் புடிச்சி அனுப்புங்க. பொறகால கடல் சத்தமும் கேக்கணும். இஞ்ச கடலே இல்ல மச்சான். எங்க பாத்தாலும் மதில்.”

அதன் பிறகு குழாய்த் தண்ணீர். நெடுநேரம்.

6

பெரியநீலாவணை சாமித்தம்பியைக் கதைக்குள் கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. கலவர நாட்களில் முஸ்லிம் ஊரான மருதமுனைக்கும் பக்கத்துத் தமிழ் ஊரான பெரியநீலாவணைக்கும் இடையில் போக்குவரவு அற்றுப்போயிருந்தது. பிறகு எல்லையைத் தாண்டி முதலில் போனவை சமாதானக் குழுக்கள் என்று மலரில் எழுதியிருக்கிறது. உண்மையில் பழுதான இஞ்சின்கள்தான் முதலில் போயின.

சாமித்தம்பி தன் கையால் திருத்தாத இயந்திரம் கடலில் இல்லை என்பார். அவர் திருத்தியவற்றில் பாதி கரையில்தான் கிடக்கின்றன என்பாள் அவருடைய மனைவி கனகேஸ்வரி. சாமித்தம்பி ஜவுபரின் இயந்திரத்தைத் திறந்தார், விரலை விட்டார், மூக்கில் வைத்தார்.

“காக்கா, இதுக்குள்ள ஆர் கறி காய்ச்சின?”

“பொஞ்சாதி றியாத்தால அனுப்பின எண்ணெய் அண்ணன்.” (காக்கா என்றாலும் அண்ணன்தான்; ஊர்தான் வேறு.)

“கியர் ஒயில். பிஸ்டன் இறுகிட்டு. கொழும்பால புதுசு வரணும், அதுக்கு ஆமியில கடிதம் எடுக்கணும், செக்பொயின்ட்டெல்லாம் தாண்டணும். அது வந்து சேரக்குள்ள உங்கட பொஞ்சாதி அங்க ரெண்டு எக்ரிமென்ட் முடிச்சிருவாங்க.”

ஜவுபர் மணலில் குந்திவிட்டார். கசெட்டில் கேட்டதைச் சொன்னார். குழாய்த் தண்ணீரை மட்டும் சொல்லவில்லை.

சாமித்தம்பி கையைத் துணியில் துடைத்தார். “இஞ்சின் சத்தம்தானே கேட்டவங்க? உங்கட இஞ்சின்தான் எண்டு அதுல பேரா எழுதியிரிக்கி? என்ட இஞ்சின்ல புடியுங்க.”

மீன் கழுவிக்கொண்டிருந்த கனகேஸ்வரி நிமிர்ந்தாள். “ஒரு பொம்பிளைக்குப் பொய் அனுப்பறதுக்கு எங்கட இஞ்சின்தான் கிடைச்சுதோ?”

“நீ சும்மா கிட. பாவம், ஆள் தனிச்சுப் போயிரிக்கார்.”

“வந்து இறங்கின பொறகு அந்தப் பொம்பிளைக்கு என்ன காட்டப் போறாராம்? இருந்த வேலையையும் விட்டுட்டுத்தானே நான் வந்தன் எண்டு அவ அழுதா, கசெட்டத் திருப்பிப் போடுவாரோ?”

ஜவுபர் எழுந்து மணலைத் தட்டினார். நான் அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

7

ஆகவே வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) பிஸ்டன் வந்துவிடுகிறது. எல்லாச் சோதனைத் தடைகளிலும் சிரித்த முகங்கள். (தொண்ணூறுகளில் அந்தக் கொழும்புப் பாதையில் பயணம் செய்தவர் யாராவது இதை வாசித்தால் என்னைத் தேடி வருவார்.)

ஆ) ஜெமீல் ஹாஜியார் மனம் வருந்தி, “எனக்கு அறபு தெரியாது” என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, தன்னுடைய பழைய இயந்திரத்தை ஜவுபருக்கு— (முடிக்க முடியவில்லை. சிரிப்பு.)

இ) ஜவுபர் உண்மையைப் பேசி அனுப்புகிறார். றாஹிலா கையெழுத்துப் போடுகிறாள். இரண்டு வருடம். இதில் ஒரு தடையும் இல்லை, மிகவும் நம்பத்தக்கது. எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து குறுக்கே கோடு போட்டு அடித்தேன். மனிதர் கம்பளியை முகர்ந்ததை எழுதாமல் இருந்திருந்தால் இதை விட்டுவைத்திருப்பேன்.

8

பின்னேரம். பெரியநீலாவணைக் கரை. அலை சிறியது. சாமித்தம்பியின் படகு இடுப்பளவு தண்ணீரில். நீர் தெறிக்காமல் கசெட்டில் பதிகிற ரேடியோப் பெட்டியைப் பொலித்தீன் பையில் சுற்றி, ஜவுபர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படகில் இருந்தார். சட்டை வெள்ளை இல்லை. அதைக் கவனிக்க அன்றைக்கு அவருக்கு நேரமில்லை.

“வாய் தொறக்கப்படாது காக்கா. இஞ்சின் மட்டும் பேசட்டும்,” என்றார் சாமித்தம்பி.

“ஓம்.”

ஜவுபர் பதிவுப் பொத்தானை அழுத்தினார். சாமித்தம்பி கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்தது. புகை மெல்லிசாக, நீலமாகப் போனது. சத்தம் சீராக, நன்றாகச் சாப்பிட்ட பிள்ளையின் மூச்சுப்போல. பின்னால் அலை. கேட்டால் யாரும் நம்புவார்கள். ஜவுபரே கொஞ்ச நேரம் நம்பினார். அவள் குசினிக்குள் இதைக் காதில் வைத்துக் கேட்பது, துணிகளை மடித்துப் பெட்டியில் வைப்பது, வாசலில் வந்து இறங்குவது எல்லாம் அவருக்கு வரிசையாகத் தெரிந்தன. இறங்கியதும் அவள் நேரே இயந்திரத்தைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போவதும் தெரிந்தது.

அப்போது அவர் ரேடியோப் பெட்டியை வாய்க்கு அருகில் கொண்டு போனார்.

“றாஹிலா, இது நம்மட இஞ்சின் இல்ல. நம்மட இஞ்சின் ஊட்டுல இறுகிப்போய்க் கெடக்கு. நான்தான் ஊத்தின, ஒன்ட எண்ணெயில பிழையில்ல. திங்கிறதுக்கு ஒண்டுமில்ல புள்ள. எண்டாலும் நீ வா.”

சாமித்தம்பிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிகிறது. அவர் கை இயந்திரத்தின் வேகப் பிடியில் இருக்கிறது. கூட்டவா, குறைக்கவா என்று தாடையால் கேட்கிறார். ஜவுபர் கண்ணை மூடியிருக்கிறார். ஆகவே சாமித்தம்பி என் பக்கம் பார்க்கிறார்.

கூட்டினால் அவளுக்கு இரைச்சல் மட்டும் கேட்கும். வருவாள்; ஒருவன் தன்னை ‘வா’ என்று கூப்பிட்டதை ஒருநாளும் அறியாமல் வருவாள். குறைத்தால் எல்லாம் கேட்கும். செத்த இயந்திரம், வெறும் சட்டி, கடைசியில் அந்த இரண்டு சொல். அதைக் கேட்டபின் வருவாளா, கையெழுத்துப் போடுவாளா என்று எனக்குத் தெரியாது. அவளோடு குடும்பம் நடத்தியவன் நானல்ல.

நான் பேனாவிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வேகப் பிடி இப்போது வாசிக்கிற உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. ஜவுபர் இன்னொரு முறை அதையே சொல்லத் தொடங்குகிறார், நாடா ஓடிக்கொண்டிருக்கிறது.