பூட்டுப் போட்ட போன்

அக்காவைப் பித்தப்பை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவளுடைய இரண்டு பிள்ளைகளும் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வீடு என்றால் மூன்றாம் மாடியில் ஒரு அறை, ஒரு சமையல் மூலை, நாலு சட்டை காயப்போட ஒரு பால்கனி. கல்யாணம் ஆகாத லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது தாராளம். இரண்டு பிள்ளைகள் உள்ளே வந்ததும் அது தீப்பெட்டி ஆகிவிட்டது. ஆனால் வேறு வழி இல்லை. அத்தான் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவருக்கே சரியாகத் தெரியாது.

பெரியவளுக்குப் பத்து வயது. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. ஆனால் கேட்டுக்கொள்வதற்கு முன்னால் ஏன் என்று ஒரு கேள்வி போட்டுவிடுவாள். சின்னவனுக்கு ஆறு. அவன் கேள்வியே கேட்க மாட்டான், நேராகக் கையை வைத்துவிடுவான். வாய் ஓயாது. ஆனால் வந்ததிலிருந்து அம்மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரி இருக்கும் பக்கத்து ஜன்னலில்கூட அவன் போய் நிற்கவில்லை.

வீட்டில் விளையாட என்ன இருக்கிறது? ஸ்பானர் பெட்டி, பழைய பேரிங் உருண்டைகள், நின்றுபோன ஒரு சுவர்க்கடிகாரம். காலைச் சாப்பாடு முடிவதற்குள் அதெல்லாம் சலித்துவிட்டது.

"மாமா, போன் குடுங்க மாமா."

கொடுத்தான். அதுதான் தப்பு. முதல் நாளிலேயே போனின் முகப்பில் ஒரு முதலை வந்து வாயைப் பிளந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டு ஓனருக்கு வரிசையாக அழுகிற பொம்மை முகங்கள் போயிருந்தன. மனிதர் பதறிப்போய், யாருக்கு என்ன ஆச்சு என்று நேரிலேயே ஏறி வந்துவிட்டார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இவன் குளித்துக்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. விளையாட்டின் குறுக்கே யாரோ வருகிறார்கள் என்று சின்னவன் கட் பண்ணிவிட்டான். அங்கே ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட வக்கீல் ஒருவர் கறுப்புக் கோட்டோடு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா குளிக்கிறாருன்னு ஒரு பொடியன் சொன்னான்யா," என்றார் சூப்பர்வைசர். "நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வச்சிட்டான். அடுத்த தடவை எடுக்கவே இல்ல. அந்த வக்கீல் இப்ப நம்ம மேலயே கேஸ் போடுவேங்கறாரு."

விஷயத்தைக் கேட்ட கூட்டாளி வயிறு குலுங்கச் சிரித்தான். அவனும் லிஃப்ட் மெக்கானிக்தான்; வீட்டில் மூன்று பிள்ளைகள். "போனை அப்படியே தூக்கிக் குடுக்கறதா? இங்க குடு, நான் கட்டிப் போடறேன்," என்று வாங்கினான். ஒரே ஒரு கார்ட்டூன் மட்டும் ஓடும்படி செய்தான். அதிலிருந்து வெளியே வர ரகசிய எண் வைத்தான். திரையின் மேல்பக்கம் தொட்டாலும் ஒன்றும் நடக்காதபடி அந்த இடத்தை முடக்கினான். மணி அடிக்காமல் வாயையும் அடைத்தான்.

"இனிமே அவங்க தலைகீழா நின்னாலும் உன் போன்ல ஒரு கால் கட் ஆகாது," என்றான். "சனிக்கிழமை உனக்கு வர்ற ஆபீஸ் காலெல்லாம் என் போனுக்கு வரட்டும்னு சொல்லிடறேன். நீ நிம்மதியா வேலையப் பாரு."

போனுக்குப் பூட்டு! வீட்டுக்கு நடந்து வரும்போது அவனுக்கு வாய்க்குள்ளேயே சிரிப்பு வந்தது. எத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தை நினைவுக்கு வருகிறது. சின்ன வயதில் அவர்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரம்மா. அந்தத் தெருவிலேயே அவர் வீட்டில் மட்டும்தான் போன். கன்னங்கரேலென்று, குண்டாக, பூனை சுருண்டு படுத்திருப்பதுபோல முக்காலி மேல் இருக்கும். எண்களைச் சுழற்றும் வட்டத்தின் ஓட்டையில் சின்னதாக ஒரு பித்தளைப் பூட்டு தொங்கும். சாவி வீட்டுக்காரம்மாவின் இடுப்பில். வருகிற அழைப்பை எடுக்கலாம், யாரையும் கூப்பிட முடியாது. இப்போது சாவி தன் இடுப்புக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். நினைக்கவே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை ஒரு பழைய குடியிருப்பில் லிஃப்டின் இரும்புக் கயிறு மாற்றுகிற வேலை. பிள்ளைகளைத் தனியே விட மனமில்லாமல் கூடவே அழைத்துப் போனான். தரைத்தளத்தில் காவலாளியின் அறையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, போனைப் பெரியவள் மடியில் வைத்தான்.

"கார்ட்டூன் மட்டும்தான் வரும். லிஃப்ட் கதவுப் பக்கம் ரெண்டு பேரும் வரவே கூடாது. நான் கூப்பிடற வரைக்கும் இங்கயே இருக்கணும்."

"ஏன் மாமா?"

"மேலேருந்து ஏதாவது விழுந்தா மண்டை உடைஞ்சிடும். அதான்."

காவலாளி வயதானவர்; செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தபடியே, "நான் பாத்துக்கறேன் தம்பி," என்றார்.

லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் வெளி உலகம் மறந்துபோகும். இருட்டு, கிரீஸ் வாசனை, தலைக்கு மேல் டார்ச் வெளிச்சம். கூட்டாளி மேலே மோட்டார் அறையில், இவன் லிஃப்ட் கூண்டின் கூரை மேல். ஒருவர் குரல் ஒருவருக்குக் கிணற்றிலிருந்து வருவதுபோல் கேட்கும். பழைய கயிற்றைக் கழற்றிப் புதியதை மாட்டி, இழுவை சரிபார்த்து, முதுகை நிமிர்த்தி வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

காவலாளி அறையில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க ஆள் இல்லை. போன் பெஞ்சின் ஒரு மூலையில் கிடந்தது. பெரியவள் சுவரைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்திருந்தான்.

"என்ன ஆச்சு? சண்டையா?"

"அம்மா போன் பண்ணாங்க," என்றாள் பெரியவள்.

"எப்போ?"

"அப்போவே. அம்மா பேரு மேல வந்துச்சு. தொட்டேன். ஒன்னுமே ஆகல மாமா. போயிடுச்சு. அப்புறம் மறுபடியும் வந்துச்சு."

சின்னவன் முகத்தைத் தூக்கினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என் கை அழுக்குன்னு நினைச்சு சட்டையில தொடச்சிட்டு தொட்டேன். அப்பவும் எடுக்கல."

"நானும் தட்டிப் பாத்தேன் தம்பி," என்றார் காவலாளி. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டிருந்தார். "எனக்கும் மசியல. உங்களைக் கூப்பிடலாம்னேன். லிஃப்டுகிட்ட போகக் கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காரு, நீங்களும் போகாதீங்கன்னு இந்தப் பொண்ணு என் கையப் புடிச்சிக்கிச்சு."

அவன் போனை எடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அடுத்தடுத்து அழைப்பு என்றால் மனம் நல்லதையா நினைக்கும்? கிரீஸ் கையோடு ரகசிய எண்ணை அழுத்தினான். தப்பு என்றது. மறுபடி அழுத்தினான். தவறிய அழைப்புகளின் பட்டியல் நீளமாக இருந்தது. உடனே அக்காவைக் கூப்பிட்டான்.

"என்னடா, எங்க போனீங்க எல்லாரும்?" அக்காவின் குரல் நூல் மாதிரி மெலிந்திருந்தது.

"என்னக்கா? ஏதாவது பிரச்சினையா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு பிரச்சினையும் இல்லடா. இன்னைக்குத்தான் தலை கொஞ்சம் தெளிவா இருக்கு. பசங்க குரலக் கேக்கணும் போல இருந்துச்சு. அவ்வளவுதான். நீ எடுக்கலையா, எனக்கு இங்க கையும் ஓடல காலும் ஓடல."

அவன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தான். "போன் பசங்ககிட்டதான்கா இருந்துச்சு. நான்தான் பூட்டி வச்சிருந்தேன்."

"என்னது?"

"கார்ட்டூனத் தவிர எதையும் தொட முடியாத மாதிரி பூட்டிட்டேன்."

அந்தப் பக்கமிருந்து ஒரு முனகல். வலி என்று பயந்தான். சிரிப்பு.

"நீயா? நீ போனுக்குப் பூட்டு போட்டியா? ஐயோ, சிரிக்க வைக்காதடா பாவி, தையல் இழுக்குது..."

பெரியவள் நெருங்கி வந்தாள். "அம்மா ஏன் சிரிக்கிறாங்க?"

அவன் ஸ்பீக்கரைப் போட்டான். சின்னவன் ஓடிவந்து போனுக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோனான், மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு. ஆனால் பேசவில்லை.

"உங்க மாமாகிட்ட கேளு," என்றாள் அக்கா. "வீட்டுக்காரம்மா போனை யாரு தொறந்தாங்கன்னு."

"நீதானேக்கா தொறந்தே. நான் மாடிப்படியில காவல்தான் நின்னேன்."

"சாவி இல்லாமயா?" என்றாள் பெரியவள்.

சாவியே வேண்டாம். வட்டத்தைத்தானே சுழற்ற முடியாது? ரிசீவரை வைக்கிற இடத்தில் ஒரு குமிழ் இருக்கும். ஐந்து வேண்டுமென்றால் அதை ஐந்து முறை தட்ட வேண்டும். ஒரு மூச்சு விட்டு, அடுத்த எண்ணைத் தட்ட வேண்டும். அக்கா எங்கே கற்றாள் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுக்காரம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, நாக்கை ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மிருதங்கம் வாசிப்பதுபோலத் தட்டுவாள். ஒரு தட்டு கூடினால் மரக்கடைக்குப் போய்விடும்.

"மரக்கடைக்காரர் ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா.

"இல்லாம? 'தேக்கா, வேங்கையா'ன்னு கேப்பாரு. ஒரு நாள் நீ பயத்துல தேக்குன்னு சொல்லிட்டே. எத்தனை அடின்னு கேட்டாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். காவலாளியும் சேர்ந்து சிரித்தார்.

"யாருக்கும்மா போன் பண்ணுவீங்க?" என்றாள் பெரியவள்.

அவன் இடுப்புத் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"எங்க அம்மாவுக்கு," என்றாள் அக்கா.

அம்மாவுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. காதில் ஒரு வளையத்தை மாட்டிக்கொண்டு, வரிசையாக ஓட்டைகள் உள்ள பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிற அழைப்பையெல்லாம் அந்தந்த அறைக்கு இணைத்துவிட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு இவர்கள் வருகிற நேரத்தில்தான் அவள் வேலைக்குப் போயிருப்பாள். திரும்பி வரும்போது தூங்கியிருப்பார்கள். அதனால் நடுவில் ஒரு முறை அவள் குரலைக் கேட்டாக வேண்டும். அக்கா தட்டி முடித்ததும் இவனும் ஓடிவந்துவிடுவான்; ரிசீவரை இரண்டு பேரும் ஆளுக்கொரு காதாகப் பங்குபோட்டுக்கொள்வார்கள். முதலில் வருவது அம்மாவின் வேலைக் குரல். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த மாதிரி இருக்கும். 'வணக்கம், யாரோடு பேச வேண்டும்?' இவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், மூச்சுதான் விடுவார்கள். அந்த மூச்சைக் கேட்டதும் குரல் மாறும். சட்டென்று இளகி, வீட்டுக் குரலாகிவிடும். ஒரே ஒரு வாக்கியம் பேசுவாள். பிறகு, வைங்க, லைன்ல ஆள் காத்திருக்காங்க என்பாள்.

"அந்தக் குரல் உனக்கு ஞாபகம் இருக்காடா?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "வேலைக் குரல் இருக்குக்கா. யாராவது ஆபீஸ் போனை எடுத்து வணக்கம் சொன்னா டக்குனு வந்துடும். வீட்டுக் குரல்தான் பிடிபட மாட்டேங்குது. ரொம்ப நாளாச்சு."

"எனக்கு அதுதான் இருக்கு," என்றாள் அக்கா. பிறகு, மூச்சை இழுத்துக்கொண்டு, மெல்ல, "என்ன செல்லங்களா, ரெண்டு பேரும் பால் குடிச்சீங்களா?" என்றாள்.

அம்மாவின் வீட்டுக் குரல் அப்படியே இருந்தது. செல்லங்களா என்பதில் வருகிற அந்தச் சின்ன இழுப்புகூட. கைத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டான். நெற்றியில் ஒரு கோடு கிரீஸ் ஒட்டிக்கொண்டது. காவலாளி எழுந்து, வெளியே ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டார்.

"நல்லவேளை, வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமப் போச்சு," என்றான் சமாளித்துக்கொண்டு.

"தெரியாமயா? அட மக்கு. நீ காவல் நின்ன லட்சணத்துக்கா நாம தப்பிச்சோம்? அவங்க வாசல்ல நின்னு செருப்பைத் தேய்ச்சிட்டே இருப்பாங்கடா. நாம போனை வைக்கிற சத்தம் கேட்டப்புறம்தான் உள்ள வருவாங்க. நான் ஜன்னல் வழியா பாத்திருக்கேன்."

"என்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?"

"சொல்லியிருந்தா நீ காவல் நிக்காம விளையாடப் போயிருப்பே."

அந்தச் செருப்புச் சத்தம் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மாடி, எவ்வளவு சேறு மிதிச்சுட்டு வர்றாங்க என்று அந்த வயதில் நினைத்திருக்கிறான். மழையே இல்லாத நாளிலும்.

"சரிக்கா, பூட்டை எடுத்துடறேன்," என்றான்.

"ஐயையோ, முழுசா எடுத்துடாதே. இவன் அப்பாவோட கப்பலையே திருப்பி விட்டுடுவான். விளையாட்டுக்கு இருக்கட்டும் பூட்டு. நான் கூப்பிட்டா மட்டும் எடுக்கற மாதிரி செஞ்சு குடு."

கூட்டாளி கீழே இறங்கி வந்ததும் அவனிடம் போனை நீட்டினான். என்ன ஏது என்று கேட்ட கூட்டாளி, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டான். மேல்பக்கத்து முடக்கத்தை எடுத்தான். அக்காவின் எண்ணுக்கு மட்டும் மணி அடிக்கும்படி செய்தான். அந்த மணிச் சத்தத்தைச் சின்னவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னான். அவன் தேர்ந்தெடுத்தது வாத்து கத்துகிற சத்தம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வாத்து அடிக்கடி கத்தியது. பஸ்ஸில் கத்தியது, கடையில் கத்தியது. கார்ட்டூன் பாதியில் நின்றாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. பெரியவள் எல்லாம் சொல்வாள்: மாமா சாதத்தை அடிப்பிடிக்க விட்டது, தன் பல் விழுந்தது. சின்னவன் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பான். பேசுடா என்றால் தலையாட்டுவான். அம்மாவுக்கு அது தெரியாது என்று அவனுக்குச் சொன்னாலும் மறுபடி தலையைத்தான் ஆட்டுவான்.

குழந்தைகள் வரலாம் என்று டாக்டர் அனுமதித்த மாலையில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜன்னலோரக் கட்டிலில் அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள்; முகம் மட்டும் கொஞ்சம் வற்றியிருந்தது. பெரியவள் நேராகப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னவன் கதவருகிலேயே நின்றான்.

"எந்தப் பக்கம் வலிக்கும்?" என்றான் அங்கிருந்தே.

அக்கா வலது பக்கத்தைக் காட்டினாள்.

அவன் கட்டிலைச் சுற்றி இடதுபக்கம் போனான். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக ஏறி, இடிக்காமல் உட்கார்ந்தான். பிறகு அணை உடைந்த மாதிரி, வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளாகச் சொல்ல ஆரம்பித்தான்: கறுப்புக் கோட்டு வக்கீல், முதலை, லிஃப்ட் உள்ளே இருட்டு, மாமா குறட்டை, பெரியவளின் பல் விழுந்தது தனக்குத்தான் முதலில் தெரியும் என்பது. பெரியவள் குறுக்கே திருத்திக்கொண்டே வந்தாள். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நர்ஸ் வந்து, நேரமாச்சு, கிளம்புங்க என்றார்.

"இருங்க சிஸ்டர்," என்றான் சின்னவன், "இன்னும் புதன்கிழமைக்கே வரல."