உப்பில்லாத ரொட்டி

ஊருக்குச் சமாதானம் வேண்டாமென்று சவ்ரினிசா எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. மலைக்காரர்களின் தலைவன், அந்தப் படுபாவி ஓதில்ஷோவுக்கு மட்டும் அது கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான். அரசாங்கத்துக்கும் மலைக்காரர்களுக்கும் சண்டை தொடங்கிய வருஷம் பாலத்தடியில் லாரியை மறித்து, ஓட்டிவந்த அவள் புருஷன் நஸ்ரியை இறக்கி, எந்த ஊர்க்காரன் என்று ஒரே கேள்வி கேட்டுச் சுட்டுத் தள்ளியவன் அவன். உடம்பைக்கூடத் தரவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு ரொட்டி சுடச் சொல்லி வந்து நிற்கிறார் குதோய்தோத். நஸ்ரியின் கூடப்பிறந்த அண்ணன், ஊர்த் தலைவர் வேறு. வெட்கமிருந்தால் வாசலோடு திரும்பியிருக்க வேண்டும். மனுஷன் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தலைநகர் துஷான்பேயிலருந்து அரசாங்கத்துக் கர்னல் வந்துட்டாரு. மலையிலருந்து ஓதில்ஷோவும் இறங்கிட்டான். ஆறு தடவை பேசினோம், ஆறு தடவையும் முறிஞ்சுபோச்சு. இப்ப காகிதம் தயார். ஆனா ஒரே ரொட்டியைப் பிச்சுத் தின்னாத்தான் கையெழுத்து. அரசாங்கத்து ரொட்டியை அவன் தொடமாட்டான், மலைக்காரன் ரொட்டியைக் கர்னல் தொடமாட்டாரு. விஷம் வச்சிருவாங்களாம்."

"நான் வைக்கமாட்டேனாக்கும்?"

"பொண்ணுங்களை வச்சிருக்கிறவ, நீ வைக்கமாட்டேன்னு ரெண்டு பேருமே சொல்றாங்க."

"ஆகா, என்ன நம்பிக்கை! சரி, அந்தக் காகிதத்துல என்னதான் எழுதியிருக்கு?"

குதோய்தோத் தரையைப் பார்த்தார். "நடந்தது எதுக்கும் யாரும் யாரையும் கேக்கக்கூடாது. எல்லாருக்கும் மன்னிப்பு."

"மன்னிக்கிறது யாரு?"

"அரசாங்கம்."

"ஏன், செத்தது அரசாங்கத்தோட புருஷனா?"

குதோய்தோத் பேச்சை மாற்றினார். "கணவாயில பனி விழுந்துட்டா பாதை அடைச்சுக்கும். அதுக்குள்ள மாவு லாரி வரணும். உம் பொண்ணுங்க இன்னும் எத்தனை நாளைக்கு முசுக்கட்டைப் பழப் பொடியை நக்கிக்கிட்டுக் கிடக்கும்?"

அந்தப் பொடியும் பானையின் அடியைத் தொட்டுவிட்டது. சவ்ரினிசா சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு தரப்பும் பாதிப்பாதி அனுப்பியிருந்த மாவைக் கொட்டிப் பிசைந்தாள். பழக்கதோஷம், கை தானாக உப்புச் சட்டிக்குப் போனது. பாதியில் நின்றது. ஒரு வீட்டு ரொட்டியையும் உப்பையும் தின்றவன் மேல் அந்த வீட்டார் கை ஓங்கக்கூடாது, அவனும் ஓங்கக்கூடாது. துப்பாக்கி பிடித்தவன்கூட இதற்கு மட்டும் பயப்படுவான். "இந்த வீட்டு உப்பை நீ தின்னமாட்டேடா" என்று வாய்விட்டே சொல்லிச் சட்டியை மூடினாள். தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ரொட்டியை அறைந்த வேகத்தில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் விரிப்புக்கு வலப்புறம் கர்னல், இடப்புறம் ஓதில்ஷோவும் அவன் ஆட்களும், நடுவில் ஊர்ப் பெரியவர்கள். தட்டை அவளே கொண்டுபோய் வைத்தாள். அவன் மூஞ்சியைப் பார்க்கவேண்டும் என்று அப்படியொரு வெறி. பார்த்தால், தாடி பாதி நரைத்து, வயிற்றுவலிக்காரன் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

குதோய்தோத் பிஸ்மில்லா சொல்லி ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். கர்னல் பட்டணத்து ஆள், பஞ்சம் பிடித்த ஊரின் ரொட்டி இப்படித்தான் இருக்கும் என்று விழுங்கிவிட்டார். பெரியவர்கள் மென்றதும் திடுக்கிட்டார்கள், உடனே அவசரமாக விழுங்கினார்கள். ஓதில்ஷோ ஒருதரம் மென்றான், மறுபடி மென்றான், நிமிர்ந்தான்.

"தங்கச்சி, ரொட்டியில உப்பில்லை."

"மறந்திருப்பா" என்று குதோய்தோத் பாய்ந்து வந்தார். "மாவைக் கண்ணால பாத்தே எத்தனை காலமாச்சு, பாவம்."

"மறக்கலை" என்றாள் சவ்ரினிசா.

"என்னய்யா இது? உப்புக்கெல்லாமா சண்டை? கொண்டாந்து வைங்கப்பா" என்றார் கர்னல்.

ஓதில்ஷோ பேனாவைத் தள்ளி வைத்தான். "இந்தக் காகிதம் உங்களைக் கட்டும் கர்னல், இவளைக் கட்டாது. இவ கையால உப்பு வரட்டும், அப்புறம் கையெழுத்து."

பெரியவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் கண்ணும் கெஞ்சியது. அவள் வீட்டுக்குப் போய் உப்புச் சட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் நின்றாள்.

"போடறேன். எம் புருஷனை எங்க புதைச்சேன்னு சொல்லு."

"எந்தப் புருஷன்?"

"பாலத்தடியில. நீல லாரி. பேரு நஸ்ரி."

அவன் யோசித்தான். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தான். "பாலத்தடியில நிறைய பேரு, தங்கச்சி. எனக்கு ஞாபகமில்லை."

அடப்பாவி! ஆற்றில் போட்டேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் அவள் கை இளகியிருக்குமோ என்னவோ. நாலு வருஷமாக இவன் மூஞ்சியை நினைத்து நினைத்து அவள் வெந்துகொண்டிருக்க, இவன் நஸ்ரியின் மூஞ்சியை ஒருநாள்கூட மனசில் வைத்துக்கொள்ளவில்லையே!

அவள் திரும்பினாள். கர்னலின் ரொட்டியில் ஒரு சிட்டிகை உப்பு. பெரியவர்களுக்கு ஆளுக்கொரு சிட்டிகை. பிறகு ஓதில்ஷோவின் ஆட்களுக்கும், துப்பாக்கியை மடியில் வைத்திருந்தவனுக்கும்கூட. ஒவ்வொருத்தனும் வாயில் போட்டு மெல்லும்வரை நின்று பார்த்தாள். கடைசியாக ஓதில்ஷோவிடம் வந்து சட்டியை மூடினாள்.

"இந்தப் பள்ளத்தாக்குக்கே உப்பு போட்டாச்சு. உன் ஆளுங்களும் தின்னாச்சு, இனி அவங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்லை. உனக்கும் எனக்கும் இருக்கு. கையெழுத்துப் போடு, இல்லேன்னா மலைக்குப் போ. தனியாப் போ."

ஓதில்ஷோ தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் தலை நிமிரவில்லை. ஒருவன் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினான். நாலு வருஷம் ஒன்றாகச் சண்டை போட்டால்கூடப் பசி பசிதானே. ஓதில்ஷோ பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான், தன் பங்கு ரொட்டியையும் உப்பில்லாமல் அப்படியே விழுங்கினான்.

மாவு லாரிகள் மறுநாளே கிளம்பும் என்றார் கர்னல். எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், குதோய்தோத் தேம்பித் தேம்பி அழுதார். வாசலில் குனிந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த ஓதில்ஷோ, காலித் தட்டோடு அவள் கடந்தபோது தலை நிமிராமலே கேட்டான்.

"எப்போ வருவே?"

"இத்தனை வருஷமும் எம் புருஷன் எங்கேன்னு யாராவது வந்து சொல்லுவாங்கன்னு வாசலையே பாத்து உக்காந்திருந்தேன்" என்றாள் சவ்ரினிசா. "இனி நீ உக்காரு."